டோக்கியோவில் முதல் அலுவலக விருந்துக்கு அழைப்பு வந்தால்: புதிதாக வந்திருப்பவர்களுக்கு

ஜப்பானுக்கு வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள் பலர், மது அருந்துவதில்லை, சைவம் மட்டுமே உண்போம் என்ற காரணங்களால், வேலை முடிந்தபின் அலுவலகத்தார் கூடும் நொமிகாய் என்னும் மாலை விருந்துக்கு வரும் முதல் அழைப்பையே மறுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து மறுக்காதீர்கள். நான் மதுவைத் தொடாதவன், மீனும் உண்ணாதவன். ஆயினும் இங்கே எனக்கு வாய்த்த நட்புகள் அத்தகைய ஒரு மாலையில்தான் தொடங்கின.

அந்த விருந்து ஷிம்பாஷியில் நடந்தது. யூராகுச்சோவிலிருந்து ஷிம்பாஷி வரை ரயில் பாதையைத் தாங்கி நிற்கும், நூறாண்டுக்கு மேல் பழமையான செங்கல் வளைவுகளுக்கு அடியில் இசகாயா எனப்படும் சிறு உணவகங்கள் நெருக்கமாக இருக்கின்றன. தலைக்கு மேல் ரயில் கடக்கும்போதெல்லாம் பேச்சைச் சற்று நிறுத்திவிட்டுத் தொடர வேண்டியிருக்கும். என் பக்கத்தில் அமர்ந்தவர் எங்கள் பிரிவின் மூத்த பொறியாளர். அலுவலகத்தில் காலை வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் பேசாதவர் என்பதால், அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை போலும் என்றே எண்ணியிருந்தேன். என் கோப்பை காலியானதைக் கவனித்த அவர், ஊலாங் தேநீர்க் குடுவையை இரு கைகளாலும் எடுத்து ஊற்றிவிட்டு, தாம் வடக்கே அவொமோரியிலிருந்து இளம் வயதில் வந்தவர் என்றும், தம் ஊர்ப் பேச்சு டோக்கியோக்காரர்களுக்கே விளங்காததால் வேலைக்குச் சேர்ந்த தொடக்கத்தில் பெரும்பாலும் வாய் திறக்காமலே இருந்ததாகவும் சொன்னார். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்றார். மறுநாளிலிருந்து, எனக்குப் புரியாத மின்னஞ்சல் எது வந்தாலும் முதலில் அவரிடம்தான் கொண்டுபோனேன்.

உணவைப் பொறுத்தவரை, முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இத்தகைய விருந்துகளில் உணவு வரிசையைப் பெரும்பாலும் சில நாள்களுக்கு முன்பே கடையில் பதிவு செய்துவிடுவார்கள். ஆகவே ஏற்பாட்டாளரிடம் அப்போதே பேசிவிடுங்கள். வெறுமனே சைவம் என்று சொன்னால் போதாது, ஏனெனில் இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியாத பல குழம்புகளும் கட்சுவோபுஷி என்னும் உலர்ந்த மீன் சீவலில் எடுத்த சாற்றில்தான் கொதிக்கின்றன. இறைச்சி, மீன், மீன் சாறு என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தவிர்க்கச் சொல்லுங்கள். எதமாமே என்னும் வேகவைத்த பச்சைச் சோயாக் காய் தயக்கமின்றி உண்ணக்கூடியது. குளிர்ந்த தோஃபுவின் மேல் மீன் சீவலைத் தூவும் வழக்கம் உண்டு; எங்கள் ஏற்பாட்டாளர் கடைக்காரரிடம் முன்பே சொல்லி வைத்திருந்ததால், எனக்கு மட்டும் துருவிய இஞ்சியும் நறுக்கிய வெங்காயத்தாளும் வைத்த தோஃபு தனியாக வந்தது. உருளைக்கிழங்கு சாலட்டில் ஹாம் கலந்திருக்கக்கூடும் என்பதால் கேட்டுவிட்டு உண்ணுங்கள்.

மது விஷயத்தில் அஞ்ச வேண்டியதில்லை. எல்லாரும் பீர் சொல்லும்போது நீங்கள் ஊலாங் தேநீர் கேட்பது இங்கே இயல்பானதே. ஒருவரை வற்புறுத்திக் குடிக்கவைப்பதைத் துன்புறுத்தலாகவே இன்று பலரும் கருதுகிறார்கள். அனைவரும் கோப்பையை உயர்த்திக் கன்பாய் சொல்லும்வரை மட்டும் பருகாமல் காத்திருங்கள். உங்கள் கோப்பையை நீங்களே நிரப்பிக்கொள்ளாமல் பக்கத்தில் இருப்பவருடையதை நிரப்பினால், அவரும் உங்களுக்கு ஊற்றுவார், பேச்சும் தானாகத் தொடங்கிவிடும். உணவைச் சாப்ஸ்டிக்கிலிருந்து சாப்ஸ்டிக்குக்குக் கைமாற்றாதீர்கள். எரியூட்டியபின் எலும்புகளை எடுக்கும் சடங்கில் மட்டுமே இங்கே அப்படிச் செய்கிறார்கள்.

உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காமலே ஒரு சிறு கிண்ணத்தில் ஏதேனும் வரும். அது இலவசமன்று, ஒதோஷி என்ற பெயரில் பெரும்பாலும் 300 முதல் 500 யென் வரை கணக்கில் சேரும். அதிலும் மீன் இருக்கலாம். மொத்தச் செலவைத் தலைக்கு இவ்வளவு எனப் பிரித்துக்கொள்வார்கள், மேலாளர் சற்றுக் கூடுதலாகத் தருவதும் உண்டு. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இங்கு இல்லை.

முதல் விருந்து முடிந்தபின் கரோக்கேவுக்கோ வேறொரு கடைக்கோ இரண்டாம் சுற்றாகச் செல்ல அழைப்பார்கள். அதற்குச் செல்வது உங்கள் விருப்பம். விடைபெற்றுக்கொண்டால் எவரும் தவறாக எண்ணமாட்டார்கள். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும் என்பதையும், இரவு 10 மணிக்குமேல் டாக்சிக்குக் கூடுதல் கட்டணம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். மது அருந்தும் நண்பர்கள் நிலையத்தில் விட்டுவந்த சைக்கிளை அன்றிரவு தொட வேண்டாம்: 2024 நவம்பர் முதல், மது அருந்திய நிலையில் சைக்கிள் ஓட்டுபவருக்கு 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் யென் வரை அபராதமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

மறுநாள் காலை அலுவலகத்தில் நுழைந்ததும், வேறு பேச்சுக்கு முன்னால், ஏற்பாட்டாளரிடமும் மேலாளரிடமும் நேரில் சென்று முந்தைய மாலைக்கு நன்றி சொல்லுங்கள்.