புது மடிக்கணினியில் பழைய விண்டோஸ் போட்ட அனுபவங்கள்

2022இல் வாங்கிய மடிக்கணினி. இன்டெல் 12ஆம் தலைமுறை பிராசஸர், விண்டோஸ் 11 ஹோம். நான் மொழிபெயர்ப்பாளர். மூலம், முதல் வரைவு, திருத்தம், கலைச்சொல் பட்டியல் என்று ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு வேர்டு கோப்புகள் திறந்திருக்கும். பழைய கணினியில் டாஸ்க்பாரை இடப்பக்கம் நிறுத்தி, ஒவ்வொரு கோப்பின் பெயரும் தெரியும்படி வைத்திருந்தேன். கண் போன இடத்துக்குக் கை போய்விடும். விண்டோஸ் 11இல் டாஸ்க்பார் கீழேயே ஆணியடித்தாற்போல் இருந்தது. பன்னிரண்டு கோப்பும் ஒரே சின்னத்துக்குள் ஒளிந்துகொண்டன. அதன்மேல் சுட்டியை வைத்து, விரியும் சிறு படங்களுக்குள் தேடித்தான் எடுக்க வேண்டும். இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் அவசரத்தில், திருத்திய பிரதி என்று நினைத்துப் பழைய வரைவை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டேன். அன்று இரவே விண்டோஸ் 10க்குத் திரும்புவது என்று முடிவெடுத்தேன்.

முந்தைய பதிப்புக்குத் திரும்ப செட்டிங்ஸிலேயே ஒரு பொத்தான் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் அது மங்கிக் கிடந்தது. விண்டோஸ் 10இலிருந்து 11க்கு ஏறியவர்களுக்கு மட்டும், அதுவும் ஏறிய பத்து நாளுக்குள் மட்டும்தான் அது வேலை செய்யும். என்னுடையது தொழிற்சாலையிலேயே 11 ஏற்றி வந்த கணினி. திரும்பிப் போக அதற்குப் பழைய வீடே கிடையாது. பென் டிரைவில் விண்டோஸ் 10ஐ இறக்கி, புதிதாக நிறுவுவது ஒன்றுதான் வழி.

நிறுவல் தொடங்கியது. எந்த டிஸ்க்கில் நிறுவ வேண்டும் என்று கேட்கும் திரை வந்தது. பட்டியல் வெறுமையாக இருந்தது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஜிபி எஸ்எஸ்டி, சற்று முன்வரை வேலை செய்துகொண்டிருந்தது, அங்கே இல்லவே இல்லை. டிஸ்க் போய்விட்டது என்றே நினைத்தேன். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி இயக்கினால் விண்டோஸ் 11 எப்போதும்போல் திறக்கிறது. போன உயிர் வந்தது. ஆனால் குழப்பம் தீரவில்லை.

பாதி இரவு தேடிய பிறகுதான் காரணம் விளங்கியது. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல மடிக்கணினிகளில் விஎம்டி என்ற டிஸ்க் கட்டுப்படுத்தி, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடத் தொடங்கும் கணினியின் அடிப்படை மென்பொருளில்) இயங்கு நிலையிலேயே வருகிறது. எஸ்எஸ்டி நேரடியாகக் கண்ணில் படாமல், இந்தக் கட்டுப்படுத்திக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். அதற்குரிய டிரைவர், அதாவது அந்த உறுப்போடு விண்டோஸ் பேச உதவும் மென்பொருள், விண்டோஸ் 10 நிறுவல் கோப்பில் இல்லை. டிரைவர் இல்லாவிட்டால் அதன் பின்னால் இருக்கும் டிஸ்க்கும் இல்லை. பயாஸில் விஎம்டியை நிறுத்திவிடலாம். ஆனால் நிறுத்திய நொடியிலிருந்து, ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் 11 திறக்க மறுக்கக்கூடும். மறுபடி இயக்கும்வரை பின்வாங்கும் வழி அடைபடும். அதனால் நான் டிரைவரைத் தனியாக எடுத்து, நிறுவலின்போது 'லோட் டிரைவர்' வழியாகக் கொடுத்தேன். இங்கே ஒரு சிறு வலை இருக்கிறது. தயாரிப்பாளரின் தளத்தில் கிடைப்பது நிறுவும் வகைக் கோப்பு. அதை அப்படியே பென் டிரைவில் போட்டால் நிறுவல் திரை அதைக் கண்டுகொள்ளாது. வேறொரு கணினியில் பிரித்து, உள்ளே 'ஐஎன்எஃப்' என்று முடியும் கோப்பு இருக்கும் கோப்புறையைக் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் டிஸ்க் பட்டியலில் வந்து நின்றது.

அதன் பிறகு இருபது நிமிடம். விண்டோஸ் 10 வந்துவிட்டது. ஆக்டிவேஷனுக்கு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மதர்போர்டில் பதிந்திருந்த உரிமக் கீயை அது தானாகவே எடுத்துக்கொண்டது.

ஆனால் வைஃபை இல்லை. டச்பேட் அசையவில்லை. திரையின் வெளிச்சம் உச்சத்திலேயே நின்றது, குறைக்க முடியவில்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், டிரைவர் இல்லாத உறுப்புகளுக்கு மஞ்சள் ஆச்சரியக்குறிகள், எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. இணையம் இருந்தால் டிரைவர் எடுக்கலாம், டிரைவர் இருந்தால்தான் இணையம் வரும் என்ற நிலை. கடைசியில் ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங்கைப் போட்டேன். அதற்குத் தேவையான டிரைவர் விண்டோஸ் 10க்குள்ளேயே இருக்கிறது. பழைய யுஎஸ்பி மவுஸ் ஒன்று டச்பேடுக்குப் பதிலாக உழைத்தது.

பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் தீர்க்க இரண்டரை நாள் ஆனது. பெயர் தெரியாத ஒவ்வொரு சாதனத்தின் பண்புகளுக்குள் சென்று, ஹார்டுவேர் ஐடி எண்ணை எடுத்து, அதைக் கொண்டு தேட வேண்டும். தயாரிப்பாளரின் தளத்தில் என் மாடலுக்கு விண்டோஸ் 11 டிரைவர்கள் மட்டுமே இருந்தன. துணிந்து அவற்றையே போட்டுப் பார்த்தேன்; ஒன்பது ஏற்றுக்கொண்டன. விண்டோஸ் 11இன் உள்பதிப்பு எண்ணும் 10.0 என்றே தொடங்குகிறது. அடித்தளம் இரண்டுக்கும் அவ்வளவு நெருக்கம். மீதி இரண்டில் டச்பேட் அடக்கம். அதற்கு முதலில் சிப்செட்டின் (உறுப்புகளை இணைக்கும் சில்லுத் தொகுதியின்) சீரியல் ஐஓ டிரைவரைப் போட வேண்டும். டச்பேட் அதன் வழியாகத்தான் கணினியோடு பேசுகிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இவ்வளவும் பட்ட பிறகு சொல்கிறேன்: பழைய பதிப்பு நிறுவப்படுமா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுவப்பட்ட பிறகு இந்தக் கணினியின் எந்தெந்த உறுப்பை அதற்கு அடையாளம் தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும்.

* * *

மொழிபெயர்ப்பாளரே, நீங்கள் சொன்ன அந்த வெற்றுப் பட்டியலைப் படித்ததும் 2016 நினைவுக்கு வந்துவிட்டது. எனக்கு நேர்ந்தது விண்டோஸ் 10இலிருந்து 7க்கு இறங்கியபோது.

என்னிடம் ஒரு ஃபிலிம் ஸ்கேனர் இருந்தது. குடும்பத்தின் நெகட்டிவ்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றிக்கொண்டிருந்தேன்; பாதி வேலை மீதி. அதன் டிரைவர் விண்டோஸ் 7க்கு மேல் வரவில்லை. புதிய கணினி 6ஆம் தலைமுறை, விண்டோஸ் 10 புரோ. புரோ பதிப்பு என்பதால் 7 புரொஃபஷனலுக்கு இறங்க உரிமம் இடம் கொடுத்தது. ஹோம் பதிப்புக்கு அந்த உரிமை கிடையாது என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைத்திருந்தேன்.

பயாஸில் செக்யூர் பூட்டை (நம்பகமானதை மட்டும் தொடங்கவிடும் காவலை) நிறுத்தினேன். விண்டோஸ் 7க்கு அது தெரியாது. பழைய முறையில் பூட் ஆக, அதாவது கணினி தொடங்க, உதவும் சிஎஸ்எம் என்ற ஏற்பாட்டை இயக்கினேன். பென் டிரைவிலிருந்து நிறுவல் தொடங்கி, முதல் திரையைத் தாண்டியதும் ஒரு செய்தி: தேவையான சிடி/டிவிடி டிரைவின் டிரைவரைக் காணவில்லை. என் கணினியில் டிவிடி டிரைவே இல்லை. பென் டிரைவிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் நிறுவல், தான் ஓடும் பென் டிரைவையே பார்க்க முடியாமல் தவித்தது. அந்தச் செய்தியின் பொருள் அவ்வளவுதான். விண்டோஸ் 7 வெளிவந்தது 2009இல், யுஎஸ்பி 3.0 கட்டுப்படுத்திக்கு அதற்குள் டிரைவர் கிடையாது. அதற்கு முந்தைய தலைமுறைகளில் பழைய யுஎஸ்பி 2.0 கட்டுப்படுத்தியும் கூடவே இருந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை. 6ஆம் தலைமுறையில் அது எடுக்கப்பட்டுவிட்டது.

தீர்வு, நிறுவல் கோப்புக்குள்ளேயே யுஎஸ்பி 3.0 டிரைவரைச் சேர்ப்பது. சேர்த்தேன். மறுபடி அதே செய்தி. மறுபடி சேர்த்தேன். மறுபடியும் அதே. மூன்றாம் நாள்தான் புரிந்தது. பூட் ஆகும் கோப்புக்குள் இரண்டு படிமங்கள், அதாவது கோப்புத் தொகுப்புகள், இருக்கின்றன. நான் முதலாவதில் சேர்த்துக்கொண்டிருந்தேன். நிறுவல் ஓடுவது இரண்டாவதிலிருந்து. அதற்குப் பிறகு நிறுவப்படும் படிமத்திலும் தனியாகச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் நிறுவி முடித்து டெஸ்க்டாப் வந்ததும் மவுஸ் செத்துக் கிடக்கும். எஸ்எஸ்டி என்விஎம்இ என்ற புதிய வகை என்றால் அதற்கும் மைக்ரோசாஃப்ட் தனியே வெளியிட்ட திருத்தத்தைச் சேர்த்தாக வேண்டும்.

நெகட்டிவ்கள் அத்தனையும் ஏறிவிட்டன. என் தாத்தாவின் முகம் தெளிவாகத் தெரியும் ஒரே படம் அதில்தான் இருந்தது. அந்த மூன்று நாளையும் இன்றும் நான் இழப்பாகக் கருதவில்லை. ஆனால் வேலை முடிந்த வாரமே விண்டோஸ் 10க்குத் திரும்பிவிட்டேன். 7இல் பேட்டரி வேகமாகக் கரைந்தது. மூடி வைத்துத் திறந்தால் சில வேளை திரை வரவே இல்லை.

* * *

இருவருக்கும் முந்திய தலைமுறை நான். 2008, விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அதற்கு முந்தைய எக்ஸ்பிக்கு. சுருக்கமாகச் சொல்கிறேன்.

நிறுவல் தொடங்கி ஒரு நிமிடத்தில் நீலத் திரை, கடைசியில் 7பி என்று முடியும் பிழை எண். ஹார்ட் டிஸ்க் பயாஸில் ஏஎச்சிஐ என்ற புதிய இணைப்பு முறையில் இருந்தது. எக்ஸ்பிக்கு அந்த முறை தெரியாது. எஃப்6 விசையை அழுத்தி டிரைவர் கொடுக்கலாம் என்றது. ஆனால் ஃப்ளாப்பியில் கொடுக்கச் சொன்னது, ஃப்ளாப்பி டிரைவே இல்லாத மடிக்கணினியிடம். பயாஸில் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றித் தப்பித்தேன். மாற்றும் வசதி இல்லாத கணினி வைத்திருந்த நண்பர்கள் என்லைட் என்ற கருவியைக் கொண்டு டிரைவரை சிடிக்குள்ளேயே சேர்த்து எரித்தார்கள்.

ஒலி வரவைப்பது தனிக் கதை. ஆடியோ டிரைவர் எத்தனை முறை போட்டாலும் நிற்கவில்லை. எச்டி ஆடியோவுக்கு அடித்தளமாக மைக்ரோசாஃப்டின் ஒரு திருத்தத்தை முதலில் போட வேண்டும், அதன் மேல்தான் ஆடியோ டிரைவர் உட்காரும். மேலே ஒருவர் டச்பேட் பற்றிச் சொன்னதும் இதே வரிசைப் பிரச்சினைதான். சிப்செட் முதலில், மற்றவை பிறகு என்ற ஒழுங்கை அன்று கற்றுக்கொண்டேன். பதினேழு ஆண்டுகளாக மாற்றவில்லை. வெப்கேம் மட்டும் கடைசிவரை வேலை செய்யவில்லை.

* * *

மேலே எழுதியவர்களோடு என் பங்குக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். விண்டோஸ் 11 ஹோமில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால், நீங்கள் எதுவும் செய்யாமலே டிஸ்க் குறியாக்கம் ஆகி, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. நான் பயாஸில் செக்யூர் பூட்டை நிறுத்திவிட்டு இயக்கினேன். 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றது. அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தது, கணக்கின் கடவுச்சொல்லோ அந்தக் கணினியில்தான் இருந்தது. கைபேசி வழியாக மீட்க நான்கு மணி நேரம் ஆனது. பயாஸைத் தொடும் முன் அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

எனக்கு முடியவே இல்லை. அதையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் சிறு அலுவலகத்தின் கணக்குகள் முழுவதும் 16 பிட் என்ற மிகப் பழைய வகை நிரல் ஒன்றில் இருந்தன. 64 பிட் விண்டோஸ் எதிலும் அது ஓடாது. 32 பிட் வேண்டும். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. சரி, விண்டோஸ் 10இன் 32 பிட் பதிப்பைப் போடுவோம் என்று புதிய கணினியில் முயன்றேன். பென் டிரைவை அது பூட் ஆகும் சாதனமாகவே ஏற்கவில்லை. கணினியின் யுஎஃப்ஐ (பழைய பயாஸின் இடத்தில் வந்த தொடக்க மென்பொருள்) 64 பிட், பழைய முறையில் பூட் ஆக சிஎஸ்எம் அதில் அறவே இல்லை. 64 பிட் யுஎஃப்ஐ வழியாக 32 பிட் விண்டோஸ் பூட் ஆகாது. இதற்கு டிரைவரும் இல்லை, குறுக்கு வழியும் இல்லை.

இரண்டு நாள் மனம் ஒடிந்து கிடந்தேன். பிறகு விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு மெய்நிகர் கணினி அமைத்து, அதற்குள் 32 பிட் விண்டோஸை நிறுவினேன். உள்ளே இருக்கும் வன்பொருள் எல்லாம் மென்பொருள் காட்டும் பாவனை என்பதால் டிரைவர் தகராறே எழவில்லை. அரை மணி நேரத்தில் நிரல் ஓடியது. அந்த மெய்நிகர் கணினி முழுவதும் சில கோப்புகள்தாம். நகலெடுத்து எந்தக் கணினிக்கும் கொண்டுபோகலாம். ஒரே ஒரு மென்பொருளுக்காகத் தவிப்பவர்கள் கணினியைக் கலைக்கும் முன் இதை முயன்று பாருங்கள்.

* * *

முதலில் எழுதிய மொழிபெயர்ப்பாளர்தான். இந்த மெய்நிகர் வழி எனக்கு உதவியிருக்காது. எனக்கு வேண்டியிருந்தது டாஸ்க்பார். இருந்தாலும் படித்ததும் மகிழ்ந்தேன், அந்தக் கணக்குகள் பிழைத்ததற்காக.

என் கணினியின் மீதிக் கதை இது. விண்டோஸ் 10இல் மூன்று ஆண்டுகள் நிம்மதியாக வேலை செய்தேன். 2023 இறுதியில் விண்டோஸ் 11இலேயே ஒவ்வொரு கோப்பையும் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதி திரும்பி வந்தது. இடப்பக்கம் நிறுத்தும் வசதி அப்போதும் வரவில்லை. அதனால் நான் நகரவில்லை. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துக்கொள்ள வழி இருந்தும், வாடிக்கையாளர்களின் ஆவணங்கள் இருக்கும் கணினியில் தள்ளிப்போட மனம் வரவில்லை. நவம்பரில் 11க்குத் திரும்பினேன்.

திரும்பும்போதுதான் 2022இல் செய்த பெரிய தவறு தெரிந்தது. அன்று டிஸ்க் ஒருவழியாகக் கண்ணில் பட்ட மகிழ்ச்சியில், பட்டியலில் இருந்த பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பகுதி) எல்லாவற்றையும் அழித்திருந்தேன். தயாரிப்பாளர் வைத்திருந்த மீட்புப் பார்ட்டிஷனும் அதோடு போயிற்று. தொழிற்சாலையில் வந்த நிலைக்கு ஒரு பொத்தானில் திரும்பியிருக்க வேண்டியவள், மறுபடி பென் டிரைவோடு உட்கார்ந்தேன். இந்த முறை மட்டும், தொடங்கும் முன்பே, கமாண்ட் ப்ராம்ப்டில் டிஸ்ம் கட்டளை கொடுத்து, இருந்த டிரைவர்கள் அனைத்தையும் ஒரு கோப்புறையில் நகலெடுத்து வைத்துக்கொண்டேன். நிறுவி முடித்ததும் அந்தக் கோப்புறையைக் காட்டினேன். ஒரு மஞ்சள் குறிகூட மிஞ்சவில்லை.

டாஸ்க்பார் இப்போது கீழேதான் இருக்கிறது. பன்னிரண்டு கோப்புகளின் பெயரும் தெரிகின்றன. மூன்று வாரமாகக் கை இன்னும் இடப்பக்கமே போகிறது.