போர்ப்படம் பார்த்து அழுவதால் யாருக்கு என்ன?

முத்தியால்பேட்டை:
சென்ற வாரம் நண்பர் வீட்டு மாடியில் நால்வராக உட்கார்ந்து, 2022இல் வெளிவந்த ஜெர்மன் படமான 'ஆல் க்வயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' பார்த்தோம். முதல் உலகப் போரில், பெற்றோரின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு படையில் சேரும் பதினேழு வயதுப் பையனின் கதை அது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து விளக்கைப் போட்டபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கு இரண்டு இரவுகள் சரியாகத் தூக்கம் இல்லை.

ஆனால் என்னை உலுக்கியது குண்டுவீச்சு அன்று. தொடக்கத்திலேயே ஒரு சிப்பாய் சாகிறான். அவனைப் போன்றவர்களின் உடலிலிருந்து கழற்றிய சீருடைகள் மூட்டை மூட்டையாகக் கட்டப்பட்டு, இரத்தக்கறை போகத் துவைக்கப்பட்டு, வரிசையாக அமர்ந்த பெண்களின் தையல் எந்திரங்களில் ஓட்டை அடைக்கப்பட்டு, புதிதாகச் சேரும் பையன்களுக்கு அவையே வழங்கப்படுகின்றன. கதாநாயகன் தன் சட்டையில் வேறொருவன் பெயர் இருப்பதைக் காட்டுகிறான். அந்த ஆளுக்கு அளவு சிறிதாகப் போயிருக்கும் என்று சொல்லி, அதிகாரி பெயர்ச்சீட்டைப் பிய்த்துக் கீழே போடுகிறார். என் அம்மா பதினெட்டு ஆண்டுகள் ஏற்றுமதி ஆடைக் கூடம் ஒன்றில் பீஸ் கணக்கில் மிஷின் தைத்தவர். அந்த எந்திர ஓசை எனக்குத் தாலாட்டு மாதிரி. அதை அந்த இடத்தில் கேட்டது தாங்கவில்லை.

மறுநாள் விடியலில் புதுவைக் கடற்கரைச் சாலைக்குப் போய், 1914 முதல் 1918 வரை நடந்த அந்தப் போரில் மாண்ட பிரெஞ்சிந்தியர்களுக்காக எழுப்பப்பட்டு 1938இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தின் முன் நெடுநேரம் நின்றேன். இத்தனை காலம் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14ஆம் தேதி விளக்கலங்காரம் பார்ப்பதற்கு மட்டுமே அங்கே நின்றிருக்கிறேன். மேல்நிலை வகுப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் இந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

கெடிலக்கரை:
தங்கள் அம்மாவைப் பற்றி எழுதிய பகுதி உண்மையானது. அதை விட்டுவிட்டு மற்றதற்கு மறுப்புச் சொல்கிறேன்.

இந்தப் படம் 1929இல் நூலாக வந்த ஒரு நாவலைத் தழுவியது. அந்த நாவலில் பையன் 1918 அக்டோபரில், போர்முனையில் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்காத ஒரு நாளில் இறக்கிறான். மேற்கே புதிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் ஜெர்மன் தலைப்பின் பொருள். ஓர் உயிர் போனது செய்தியே அன்று என்பதே அதில் உள்ள கொடுமை. படமோ அவனை நவம்பர் 11 வரை இழுத்துக்கொண்டு வந்து, போர்நிறுத்தம் நடைமுறைக்கு வரும் பதினொரு மணிக்குச் சில நொடிகள் இருக்கும்போது முதுகில் குத்திக் கொல்கிறது. கண்ணீர் போதாது என்று கடிகாரத்தையும் துணைக்கு அழைக்கும் வேலை இது. நாம் அழுதது போருக்காகவா, திரைக்கதைக்காகவா?

இன்னொன்று. அந்தப் படத்துக்குக் கிடைத்த நான்கு ஆஸ்கர்களில் ஒன்று ஒளிப்பதிவுக்கு. சேறும் பனிமூட்டமும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும்படி அழகாக இருக்கின்றன. இதைப் பார்த்துவிட்டுப் போரை உணர்ந்துவிட்டோம் என்று சொல்வது, பட்டினி கிடந்தவனின் கதையைக் கேட்டுவிட்டு நமக்கும் பசித்தது என்று சொல்வதைப் போன்றது.

ஒலிக்கூடம்:
ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன் என்பதால் ஒரு சிறு தகவல் மட்டும். படத்தில் திரும்பத் திரும்ப இடிபோல் இறங்கும் மூன்று சுரங்கள், இசையமைப்பாளர் தம் கொள்ளுப்பாட்டியின் பழைய ஆர்மோனியத்தைச் செப்பனிட்டு உருவாக்கியவை. நம் கூத்து மேடையில் கேட்கும் பெட்டிக்கு உறவுதான். அதை எந்த அளவுக்குப் பெருக்கியிருக்கிறார்கள் என்பதே வித்தை. ஐந்து முழு ஒலித்தடங்களும் கூடுதலாக ஒன்றும் கொண்ட 5.1 ஒலியமைப்பில் அந்தப் புள்ளி ஒன்று, 120 ஹெர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட தாழ்ந்த ஒலிக்கென்றே ஒதுக்கப்பட்ட தடம். அது காதுக்கு மட்டும் வருவதில்லை, மார்பில் தட்டும். அங்கே படபடப்பு எழுவதற்கு மனிதாபிமானம் தேவையில்லை, நல்ல ஸ்பீக்கர் போதும். ஆகவே தூக்கம் கெட்டதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

சொல்தா பேத்தி:
என் பெயரைப் பார்த்தே புதுவைக்காரர்கள் புரிந்துகொள்வார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களை இங்கே சொல்தா என்பார்கள், எங்கள் வீடு தெருவில் சொல்தா வீடு. என் தாத்தா இந்தோசீனப் போரில் இருந்தவர். இன்றைய வியட்நாமில் பிரெஞ்சுப் படையின் தளமாக இருந்த தியன் பியன் பூ 1954 மே 7இல் வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 1இல் புதுவையின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. அவர் போரிட்ட இடமும் பிறந்த ஊரும் ஆறு மாத இடைவெளியில் பிரெஞ்சுக்காரரின் கையை விட்டுப் போயின. இதைக்கூட அவர் சொல்லி நான் அறிந்ததில்லை.

தொலைக்காட்சியில் போர்ப்படம் வந்தால் எழுந்துபோக மாட்டார், முறுக்கு தின்றுகொண்டே பார்ப்பார். யார் செத்தாலும் முகம் மாறாது. படத்தின் நடுவே ஒன்றே ஒன்றைக் கேட்பார்: "இவங்களுக்குச் சோறு எப்ப வந்துது?" தாத்தாவுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, இந்தப் படத்தில் பையன்கள் ஒரு வாத்தைத் திருடிக்கொண்டு வந்து, சிரிப்பும் நடுக்கமுமாக அதைத் தின்னும் காட்சியைப் பார்த்தேன். சாவைவிடச் சோற்றைப் பற்றியே அவர்கள் அதிகம் எண்ணுகிறார்கள். தாத்தா திரையில் தேடியது அதைத்தான் என்று அன்று எனக்குத் தோன்றியது. படத்தை நிறுத்திவிட்டுச் சமையலறையில் போய் அழுதேன். கெடிலக்கரை ஐயா, அந்த அழுகையும் ஸ்பீக்கர் தந்ததா?

கெடிலக்கரை:
இல்லை, அம்மா. ஆனால் அது படம் தந்ததும் அன்று, தாத்தா தந்தது. படம் தீக்குச்சியாக இருந்திருக்கலாம், விறகு உங்கள் வீட்டில் இருந்தது. தாத்தாவும் இல்லாமல், தையல்கார அம்மாவும் இல்லாமல் இதைப் பார்க்கும் ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு என்ன மிஞ்சும்? டாங்கியும் தீ உமிழும் துப்பாக்கியும் மிஞ்சும்.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தை எண்ணிப் பாருங்கள். மண்ணால் பெரிய துரியோதனனைக் கிடத்துகிறார்கள். அவனை அடித்து முடித்ததும் அவனுக்காகவே ஒப்பாரி வைக்கிறார்கள். பகைவனுக்கான ஒப்பாரி! பல நாள் பாரதம் கேட்டு, இரவெல்லாம் கூத்துப் பார்த்து, அவன் பிறப்பு முதல் அறிந்த பிறகு வரும் அழுகை அது. ஊரே சேர்ந்து அழுது, மாலையில் தீ மிதித்து, அதன் பிறகு வீடு திரும்புகிறது. இங்கேயோ படம் முடிந்து பெயர்கள் ஓடி முடிவதற்குள் அடுத்த படத்துக்கு அழைப்பு வந்துவிடுகிறது. அழுகையைக் கொண்டுபோய் வைக்க இடமில்லை.

சொல்தா பேத்தி:
படுகளத்தை நானும் பார்த்திருக்கிறேன். அங்கே அழுத அதே ஊரில், அதே மாலையில், யார் முதலில் தீ இறங்குவது என்று மண்டை உடைந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒப்பாரி சண்டையை நிறுத்தவில்லை என்பதால் ஒப்பாரி பொய் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். அந்தச் சலுகையைப் படத்துக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்? போர்க்கள அழகைப் பற்றியும் சொன்னீர்கள். பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைப்பதைச் சுவையாகப் பாடிய கலிங்கத்துப்பரணியைப் பாடத்தில் வைத்திருப்பவர்கள் நாம்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு சொல். 1918 நவம்பர் 11 விடியற்காலையில் போர்நிறுத்தம் கையெழுத்தாகிவிட்ட பிறகும், பதினொரு மணி வரை ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஹென்றி குந்தர் என்ற அமெரிக்கச் சிப்பாய் 10:59க்குச் சுடப்பட்டு இறந்தார். அது திரைக்கதை அன்று.

கெடிலக்கரை:
பரணியைப் பற்றிச் சொன்னது சரியான அடி, வாங்கிக்கொள்கிறேன். குந்தரைப் பற்றிய செய்தியும் உண்மை. ஆனால் அவர் தாமாக முன்னேறி ஓடியவர்; எதிரே இருந்த ஜெர்மானியர்கள் திரும்பிப் போகும்படி கையசைத்தார்கள் என்று படித்திருக்கிறேன். படத்தில் ஒரு ஜெர்மன் தளபதி கடைசி நிமிடத் தாக்குதலுக்கு ஆணையிடுகிறார். நடந்ததே போதுமான கொடுமையாக இருக்கும்போது நடக்காததைச் சேர்ப்பானேன் என்பதுதான் என் கேள்வி. அது அப்படியே நிற்கிறது.

ஒன்றும் சேர்க்காமலே படம் ஆளை அச்சுறுத்தும் என்பதற்குச் சான்றும் இதே கதையில் இருக்கிறது. 1930இல் வந்த முதல் திரைவடிவத்தைப் பெர்லினில் திரையிட்டபோது, நாஜிகள் அரங்குக்குள் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டுக் கலவரம் செய்தார்கள். அந்த டிசம்பரிலேயே அரசு படத்துக்குத் தடை விதித்தது.

முத்தியால்பேட்டை:
ஐயா, எலியை அவிழ்த்துவிடும் அளவுக்கு அவர்கள் அஞ்சியிருக்கிறார்கள் என்றால், பார்த்து அழுவதில் ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்? தடை போட்டவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லையா?

ஒலிக்கூடம் நண்பர் சொன்னதற்காக நேற்றிரவு அந்தச் சீருடைப் பகுதியை மட்டும் கைப்பேசியில் ஒலியை முழுவதும் அடக்கிவிட்டு, அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். கதை எதையும் சொல்லவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, ஓட்டையை இப்படி அவசரத்தில் அடைத்தால் நாலு துவையலில் பிரிந்துவிடும் என்றார். சற்று நேரம் கழித்து, நாலு துவையல் வரை யார் உடுத்தப்போகிறார்கள் என்று தாமே கேட்டுக்கொண்டு எழுந்துபோய்விட்டார்.

முழுப் படத்தையும் பள்ளியில் காட்ட வேண்டும் என்ற என் பேச்சை விட்டுவிடுகிறேன். அந்தத் தொடக்கப் பகுதியை மட்டும், ஒலி இல்லாமல், காட்டலாமா?

கெடிலக்கரை:
தங்கள் அம்மாவும் வகுப்பில் வந்து உட்காருவதாக இருந்தால் காட்டுங்கள். படத்தை மட்டும் காட்டுவதற்கு இப்போதும் நான் எதிர்ப்புத்தான்.