ஜப்பானில் வாங்கிய லேப்டாப்பில் விண்டோஸை ஆங்கிலத்துக்கு மாற்ற என்ன வழி?

சேலத்துக்காரன் கேட்டது:
வணக்கம். ஒசாகாவில் வேலை பார்க்கும் அண்ணன், தான் வைத்திருந்த லேப்டாப்பைத் தங்கையின் கல்லூரிப் படிப்புக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பப் போய்விட்டார். விண்டோஸ் 11, ஆனால் மெனு, எச்சரிக்கை எல்லாமே ஜப்பான் மொழி. இங்கே ஒரு கடையில் கேட்டால், ஜப்பான் லைசென்ஸ் அந்த மொழிக்கு மட்டும்தான் செல்லும், ஆங்கிலம் வேண்டுமென்றால் புது விண்டோஸ் வாங்க வேண்டும் என்கிறார்கள். உண்மையா? அடுத்த வாரம் கல்லூரி திறக்கிறது, அந்தச் செலவு இல்லாமல் முடிந்தால் நல்லது.

பழைய மதர்போர்டு:
பணம் கொடுக்காதீர்கள். லைசென்ஸ் பதிப்பைத்தான் பார்க்கும், மொழியைப் பார்க்காது. ஹோம் பதிப்போடு வந்த லேப்டாப்பில் எந்த மொழியின் ஹோமைப் போட்டாலும் இணையத்தில் சேர்ந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், ஏனென்றால் கம்பெனியிலிருந்து விண்டோஸோடு வரும் லேப்டாப்களில் அந்த லைசென்ஸ் எண் (கீ) பயாஸுக்குள்ளேயே, அதாவது மதர்போர்டு சிப்பிலேயே, பதிந்திருக்கும். முதலில் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வின்வெர் (winver) என்று ஆங்கிலத்தில் அடித்து எண்டர் தட்டுங்கள். வரும் பெட்டியில் சுற்றிலும் ஜப்பான் எழுத்தாக இருந்தாலும் பதிப்பின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். ஹோம் அல்லது ப்ரோ என்றிருந்தால் அழிக்கவே வேண்டாம்: செட்டிங்ஸில் கடிகாரமும் பூகோளமும் சேர்ந்த படத்தைத் தொட்டு, மொழிப் பகுதியில் ஆங்கிலத்தைச் சேர்த்து, அதையே காட்சி மொழியாக வைத்து, சைன் அவுட் செய்து உள்ளே வந்தால் போதும். ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்றிருந்தால் இந்த வழி திறக்காது. அப்போதும் புதிதாக வாங்க வேண்டியதில்லை, ஆங்கில விண்டோஸைச் சுத்தமாகப் போட்டால் அதே லைசென்ஸ் வேலை செய்யும்.

இரவுப் பணி:
மேலே சொன்னது சரிதான், ஆனால் இந்த லேப்டாப்புக்கு நான் முழுதாக அழித்துப் போடத்தான் சொல்வேன். காட்சி மொழியை மட்டும் மாற்றினால் வெல்கம் திரை, புதிதாகத் திறக்கும் கணக்கு, கோளாறு வந்தால் வரும் ரிகவரி திரை இவையெல்லாம் ஜப்பான் மொழியிலேயே நிற்கும். முதல் இரண்டையும் நிர்வாக மொழி அமைப்புக்குள் போய் மாற்றலாம். ரிகவரி திரைதான் கஷ்டம், நாளைக்கு லேப்டாப் கிளம்பாமல் நிற்கும்போது உங்கள் தங்கை அதைப் படிக்க முடியாது. அண்ணனுடைய கணக்கும் கோப்புகளும் அதில் இருக்கக்கூடாது என்பது இன்னொரு காரணம். அழிக்கும் முன் அவருக்கு போன் போட்டு, கோப்புகளை எடுத்தாயிற்றா, கூடவே வந்த ஆபீஸை எந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று வேண்டும், அதில் இருப்பது அழிந்துவிடும். இன்னொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, மொழி ஆங்கிலம் என்று தேர்ந்தெடுத்து, அந்தப் பென் டிரைவை விண்டோஸ் போடத் தயார் செய்யுங்கள். முக்கியமான விஷயம், பென் டிரைவிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்புங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஜப்பான் விண்டோஸுக்குள் செட்டப்பைத் திறந்தால், மொழி வேறு என்பதால் செயலிகளை அப்படியே வைத்துக்கொள்ள விடாது. லேப்டாப்பிலேயே இருக்கும் ரிகவரி பகுதியைத் தொட்டால் மறுபடி ஜப்பான் மொழிதான் வரும். கீ கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

டிரைவர் தம்பி:
ஒன்றை விட்டுவிட்டீர்கள் அண்ணா. இன்டெல் 11ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால், டிஸ்க்கைத் தேர்வு செய்யும் இடத்தில் பட்டியல் காலியாக நிற்க வாய்ப்பு உண்டு. டிஸ்க் செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை (விண்டோஸுக்கு டிஸ்க்கைக் காட்டித் தரும் சிறு மென்பொருள்) லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து முன்பே இறக்கி, பிரித்து, அதே பென் டிரைவில் வைத்துக்கொண்டு லோட் டிரைவர் என்பதில் காட்டினால் டிஸ்க் தெரியும். வைஃபை டிரைவரையும் சேர்த்து வையுங்கள், விண்டோஸ் 11 ஹோம் செட்டப் நடுவில் இணையம் கேட்டு நிற்கும். அந்த டிரைவர் இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் (போனின் இணையத்தைக் கேபிள் வழியே பகிர்வது) போட்டால் பெரும்பாலும் தாண்டிவிடலாம்.

சேலத்துக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. பதிப்பு ஹோம் என்றுதான் காட்டுகிறது. அண்ணன் கோப்புகளை எடுத்தாயிற்று என்றார், அழித்தே போடப்போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். கீபோர்டில் குறிகள் வேறு இடத்தில் அச்சாகியிருக்கின்றனவே, என்ன செய்வது? தமிழிலேயே நேரடியாகப் போட முடியுமா?

பழைய மதர்போர்டு:
தமிழுக்குத் தனி இன்ஸ்டால் பைல் கிடையாது. ஆங்கிலத்தில் போட்டுவிட்டு மேலே தமிழ்ப் பொதியைச் சேர்க்கலாம், ஆனால் சில இடங்கள் ஆங்கிலமாகவே தெரியும். தட்டச்சுக்கு தமிழ்99 கீபோர்டு அமைப்பு விண்டோஸிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் இறக்க வேண்டாம்.

கீபோர்டு விஷயத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. அமெரிக்க அமைப்பில் விட்டால் மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறி ஷிப்ட்டோடு 2இல் வரும், உங்கள் லேப்டாப்பில் அது பி எழுத்துக்கு வலப்பக்கம் அச்சாகியிருக்கும். வலது ஷிப்ட்டுக்குப் பக்கத்துப் பட்டனும் பேக்ஸ்பேஸுக்கு இடப்பக்க யென் பட்டனும் எதுவும் அடிக்காது. பார்க்காமல் அடிக்கப் பழகியவர் என்றால் அமெரிக்க அமைப்பே போதும். பார்த்து அடிப்பவர் என்றால் ஜப்பான் மொழியை உள்ளீட்டுக்கு மட்டும் சேர்த்து, அதன் கீபோர்டு அமைப்பை 106/109 என்று வைத்து, ஆங்கில எழுத்து முறையில் விட்டால் அச்சில் இருப்பதே திரையில் வரும். தங்கையிடமே கேட்டு முடிவு செய்யுங்கள், பாஸ்வேர்டு வைக்கும் முன்னாடியே கேளுங்கள்.