லாக்டவுன்ல வீட்டுல இருந்து வேலை பார்த்த யுனிவர்சிட்டி ஆளுங்க: இன்னும் உறுத்துற ஒரு சம்பவம்

தங்கச்சிமடத்தான்:
நான் தேர்வுப் பிரிவு கிளர்க். 2020 ஆகஸ்ட்ல, ஃபீஸ் கட்டினவங்களுக்கு அரியர் எக்ஸாம் ரத்துன்னு முதலமைச்சர் அறிவிச்சாரே, அன்னைக்கு ஆரம்பிச்சது. ஆபீஸ் வேற மாவட்டம், பஸ் ஓடல. சர்க்குலர்ல என் சொந்த நம்பரைப் போட்டுட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கும், "சார், நான் பாஸா? கடைசி செமஸ்டர் இதுல சேருமா?" மேல கேட்டா "ஆர்டர் வரட்டும்"பாங்க. ஒருநாள் காலைல வீட்டுக்காரி உலைக்கு அரிசி அள்ளப் போய்க் கத்திட்டா. பானைக்குள்ள துண்டு சுத்தின போன் அடிச்சிக்கிட்டு கெடக்கு. நான்தான் வச்சேன். அவ ஒண்ணும் கேக்கல. துண்டுல ஒட்டின அரிசியைப் பொறுக்கிப் பானையில போட்டுட்டு, போனை என் கையில குடுத்தா. இப்பவும் பஸ்ல யாருக்காவது அந்த ரிங்டோன் அடிச்சா வயித்தைக் கலக்கும்.

கீழக்கரை டீச்சர்:
எனக்கு மைக்ணே. மாசக்கணக்கா தூக்கமில்லன்னு மாமிகிட்ட சொல்லியிருந்தேன். கிளாஸ் நடக்கும்போதே பின்னால வந்து, "தர்கா திறந்தாச்சு, வியாழக்கிழமை ஏர்வாடிக்குப் போயிட்டு வந்துருவோம்"னுட்டாங்க. 2001 தீயில சங்கிலியோட கெடந்த மனநோயாளிங்க 28 பேர் செத்துப் போன ஊர், நம்ம பக்கத்துல ஏர்வாடின்னா என்ன நினைப்பாங்கன்னு சொல்லணுமா? ஒரு பையன் மட்டும் "மேடம், மைக் ஆன்ல இருக்கு"ன்னு டைப் பண்ணினான். மறுநாள் அட்டெண்டன்ஸ் எடுத்தேன். வழக்கமா பாதிப் பேர் வாயே திறக்க மாட்டாங்க. அன்னைக்கு எல்லாரும் ஒழுங்கா "எஸ் மேடம்" சொன்னாங்க. அதைத்தான் தாங்க முடியல.

பாம்பன் வாத்தியார்:
ரெண்டு பேரும் கோவிச்சுக்காதீங்க, மாசச் சம்பளம் வந்தவங்க நீங்க. கௌரவ விரிவுரையாளருக்கு அப்ப 15,000 ரூபா, அதுவும் 11 மாசம்தான், மே மாசம் பட்டை நாமம். டிசம்பர்ல புரெவி வருதுன்னு பாம்பன்ல கூண்டு ஏத்தியாச்சு, துறைத் தலைவர் அட்டெண்டன்ஸ் ஸ்கிரீன்ஷாட் கேக்குறார்! சரி, அதை விடுங்க. அண்ணே, முதல்ல ரிங்டோனை மாத்துங்க. ஆபீஸுக்குன்னு தனி சிம் வாங்குங்க, எட்டு மணிக்கு மேல அணைச்சிருங்க. ராத்திரி கருப்பட்டிக் காப்பி வேண்டாம். 14416னு டெலி மானஸ், மனநல உதவி நம்பர் இருக்கு, 2022லிருந்து, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், எந்த நேரமும். ராம்நாடு பெரியாஸ்பத்திரியிலயும் மனநல டாக்டர் இருக்காங்க. டீச்சரம்மா, மாத்திரை குடுத்தா நீங்களா நிறுத்தாதீங்க, தினம் கடற்கரையில நடங்க, ஹெட்செட் வாங்குங்க...

தங்கச்சிமடத்தான்:
தம்பி, ரிங்டோனை அப்பவே மாத்தியாச்சு. அடுத்தவன் போனை நான் எப்படி மாத்துறது? தங்கச்சி, கடைசியில ஏர்வாடிக்குப் போனீகளா?

கீழக்கரை டீச்சர்:
போனேண்ணே, மாமி மனசுக்காக. மறுநாள் ராம்நாடு போய் டாக்டரையும் பார்த்தேன். அது மாமிக்கு இன்னும் தெரியாது.