முனியாண்டியின் சுருட்டும் யுங் சொன்ன நிழலும்: எங்கள் கதைக்கூடலில் எழுந்த ஒரு கேள்வி

பழைய லயத்து ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, பிறகு அந்த நிலமும் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் இருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை பட்டணத்து ஓரத்திலுள்ள மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. மாரியம்மன் கோயிலும் எங்களோடு இடம் மாறியது. அந்தக் கோயில் மண்டபத்தில், மாதத்திற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பத்துப் பன்னிரண்டு பேர் கூடிக் கதை பேசி வருகிறோம். ஒருவர் தமக்குத் தெரிந்த கதை ஒன்றைச் சொல்வார். அது புராணமாகவும் இருக்கலாம், பாட்டி சொன்ன தோட்டத்துக் கதையாகவும் இருக்கலாம். அதன் பிறகு, சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் குஸ்தாவ் யுங் கனவுகளையும் தொன்மங்களையும் அணுகிய முறையைத் துணையாக வைத்துக்கொண்டு, அந்தக் கதை நமக்குள் எதைத் தொடுகிறது என்று பேசுவோம்.

சென்ற மாதம் பேச்சு எங்கள் காவல் தெய்வமான முனியாண்டியைப் பற்றியதாக அமைந்தது. தோட்டத்தில் அவர் ஒருபோதும் கோயிலுக்குள் இருந்ததில்லை. காலையில் வேலையாட்களைப் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தைத் தாண்டி, ஆற்றுக்குத் திரும்பும் முடக்கில், மரத்தடியில் ஒரு செங்கல் மேடை; அதன்மேல் ஒரு கல்லும் ஒரு சூலமும். ஆண்டுக்கொரு முறை சேவல் அறுத்து, சுருட்டும் சாராயமும் வைத்துப் படையல் போடுவார்கள். நள்ளிரவில் வெள்ளைக் குதிரையில் ஏறித் தோட்டத்து எல்லையைச் சுற்றி வருவார் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். குளம்புச் சத்தம் கேட்டவர்கள் எல்லா லயத்திலும் இருந்தார்கள். பார்த்தவர் யாரும் இல்லை.

இப்போது கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடக்கவிருக்கிறது. முனியாண்டியை உள்ளே கொண்டுவந்து, சாந்தமான முகத்தோடு அமர்ந்திருக்கும் முனீஸ்வரராகச் சிலை செய்து, சைவப் படையல் மட்டும் வைக்கலாம் என்று கோயில் நிர்வாகத்தில் சிலர் விரும்புகிறார்கள். அவர்களுடைய எண்ணத்தில் கெடுதல் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் படித்து முன்னேறி வரும் காலத்தில் சாராயமும் சுருட்டும் சாமியின் முன் இருக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு யுங் சொன்ன 'நிழல்' நினைவுக்கு வந்தது. ஒரு மனிதர் தம்மை நல்லவராக, மதிப்புள்ளவராகக் கருதிக்கொள்வதற்காகத் தம்மிடமிருந்து தள்ளி வைக்கும் கோபம், ஆசை, முரட்டுத்தனம் ஆகிய அனைத்தும் அழிந்துவிடுவதில்லை, அவை மனத்தின் இருட்டுப் பகுதியில் சேர்ந்து ஒரு தனி ஆளைப் போல இயங்கத் தொடங்குகின்றன என்பது அவருடைய கருத்து. நனவு வாழ்க்கையில் எந்த அளவுக்கு இடம் கிடைக்கவில்லையோ அந்த அளவுக்கு அந்த நிழல் கறுத்து அடர்கிறது என்றும் அவர் எழுதினார். முனியாண்டி எங்கள் சமூகத்தின் நிழல், அவரிடமிருந்து சுருட்டைப் பிடுங்கினால் அது வேறு எங்காவது புகையும் என்று நான் கூடலில் சொன்னேன்.

உடனே ஒரு மூதாட்டி எழுந்தார். "எங்க கொலசாமிய ஒங்க புஸ்தகத்துல இருக்கிற சீக்கா ஆக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தச் சொல் என்னை மிகவும் வருத்துகிறது, ஏனென்றால் அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஒரு காவல் தெய்வத்தை நிழல் என்று விளக்குவது சரியா? விளக்காமல், ஆனால் யுங்கிடம் கற்றதையும் கைவிடாமல், இந்தக் கதையைப் பேசுவதற்கு வழி இருக்கிறதா? அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கிந்தா ஆற்றங்கரை:

ஐயாவுக்கு வணக்கம். ஈப்போவில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். யுங்கைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். உங்கள் உள்ளுணர்வு சரியானது, ஆனால் நீங்கள் அதைச் சொன்ன வாக்கியம் யுங்கின் முறைக்கே பொருந்தாதது என்று எனக்குத் தோன்றுகிறது.

யுங் தொல்படிமத்தையும் அது வெளிப்படும் உருவத்தையும் வேறுபடுத்துகிறார். தொல்படிமம் என்பது மனிதகுலத்திற்குப் பொதுவான ஒரு வார்ப்பு. அதில் தானாக எந்த உள்ளடக்கமும் இல்லை. அந்த வார்ப்பில் என்ன ஊற்றப்படுகிறது என்பதை ஒவ்வொரு மண்ணும் காலமும் முடிவு செய்கின்றன. ஆகவே 'முனியாண்டி என்றால் நிழல்' என்று சமன் போடும்போது, உயிருள்ள உருவத்தை விட்டுவிட்டு வெறும் வார்ப்பைக் கையில் வைத்துக்கொள்கிறோம். அவர் செய்தது விரித்து நோக்குதல். ஒரு கனவில் பாம்பு வந்தால், பாம்பு இன்னதைக் குறிக்கிறது என்று சொல்லிவிடாமல், பாம்பு வரும் பிற கதைகளையும் சடங்குகளையும் அதன் அருகில் கொண்டுவந்து வைத்து, கனவு கண்டவருக்குள் எது அசைகிறது என்று காத்திருப்பார்.

முனியாண்டியின் அருகில் நாம் கொண்டுவந்து வைப்பதற்கு நம்மிடமே கதைகள் இருக்கின்றன. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் சூரபன்மன் இறுதியில் கடல் நடுவே மாமரமாகி நிற்கிறான். வேல் அதை இரண்டாகப் பிளக்கிறது. அப்போதும் அவன் அழியவில்லை, சேவலாகவும் மயிலாகவும் மாறி மீண்டும் பகையோடு பாய்ந்து வருகிறான். முருகனின் அருட்பார்வை பட்ட பிறகே பகை மாறிச் சேவல் கொடியாகிறது, மயில் வாகனமாகிறது. அசுரனிடம் இருந்த வேகத்தில் ஒரு துளிகூட வீணாகவில்லை. அதன் மீது ஏறித்தான் கடவுள் பயணம் செய்கிறார். இடும்பன் கதையும் அப்படித்தான். எதிர்த்து நின்று வீழ்ந்தவனை எழுப்பி வழியிலேயே காவலாக நிறுத்தினார்கள். பழனியில் மலையேறும் பாதையில் இடும்பனுக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது, அவனை வணங்கிய பிறகே மேலே போகிறார்கள். அவனைக் கருவறைக்குள் அமர்த்தவும் இல்லை, அடிவாரத்திற்கு அப்பால் துரத்தவும் இல்லை. இந்த இடைப்பட்ட இடம் உங்கள் தோட்டத்து முடக்கை எனக்கு நினைவூட்டுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யுங் ஒரு பாதிரியாரின் மகன். அவருக்கு 12 வயதையொட்டிய ஒரு கோடை நாளில், பாசல் நகரத்துப் பேராலயத்தின் புதுக்கூரை வெயிலில் மின்னுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நினைக்கக்கூடாத ஒரு நினைப்பு வரப் போகிறது என்று உணர்ந்து நடுங்கினார். சில நாள்கள் உறக்கமின்றி அதைத் தடுத்துப் பார்த்தார். முடிவில் வருவது வரட்டும் என்று விட்டபோது, வானத்தில் பொன் அரியணையில் அமர்ந்திருந்த கடவுளின் கீழிருந்து மலம் விழுந்து அந்தப் பேராலயத்தின் கூரையையும் சுவர்களையும் நொறுக்குவதை மனக்கண்ணில் கண்டார். பாவம் செய்துவிட்டோம் என்ற அச்சம் வருவதற்குப் பதிலாக, சொல்ல முடியாத நிம்மதியும் அருளும் வந்தன என்று முதுமையில் தம் நினைவுகளில் கூறினார். மெருகேற்றிய கோயிலில் இடம் கிடைக்காதது கடவுளிடமிருந்தே வந்து சேரும் என்பதை அந்த வயதிலேயே அனுபவித்தவர் அவர். சாமிகளைச் சீக்காகப் பார்த்தவர் என்று அவரை நினைக்க வேண்டியதில்லை என்பதை, முடிந்தால், அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்.

துண்டாடலுக்குப் பின்:

ஆலோசகர் கூறியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: நிழல் என்றால், அது யாருடைய நிழல்?

அந்த மூதாட்டிக்கு முனியாண்டி இருட்டில் தள்ளி வைத்த ஒன்றாக இருந்ததே இல்லை. கங்காணிகள் ஊரில் ஆள்திரட்டிய முறையில் கப்பலேறி வந்தவர்கள் ஊரிலிருந்து பிடிமண் எடுத்து வந்து நட்ட சாமி அவர். பாம்பும் புலியும் காய்ச்சலும் இருந்த காட்டின் விளிம்பில், தோட்டத்துத் தொரையும் எழுத்தர் கிராணியும் பகலில் மட்டுமே வந்துபோன இடத்தில், விடியுமுன் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்குத் துணை நின்றவர். அவருக்குச் சுருட்டு வைப்பவர்கள் அதை இழிவு என்று நினைத்து வைக்கவில்லை. தாத்தாவுக்கு வைப்பது போல வைத்தார்கள். இழிவு என்று முதலில் நினைத்தவர்கள், சாதியிலோ படிப்பிலோ தங்களை ஒரு படி மேலே வைத்துக்கொள்ள விரும்பியவர்கள். அந்த வெட்கம் அவர்களுடையது என்பதால் நிழலும் அவர்களுடையதுதான். அதை ஒட்டுமொத்தச் சமூகத்தின் ஆழ்மனம் என்று பெயரிட்டால், மேலே இருப்பவரின் பார்வை எல்லாருடைய பார்வையுமாக ஆகிவிடுகிறது.

எங்கள் தாத்தா வேறொன்று சொல்வார். 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் தொடங்கிய பிறகுதான், இருட்டியபின் முனியாண்டி மேடையைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடு எங்கள் லயத்தில் இறுகியதாம். காட்டுக்குள் இருந்தவர்களிடமிருந்தும் அவர்களைத் தேடிய துப்பாக்கிகளிடமிருந்தும் பிள்ளைகளைக் காக்கத் தாய்மார்களுக்கு அந்தக் குளம்புச் சத்தம் தேவைப்பட்டது. இதை, மனிதகுலத்திற்குப் பொதுவான ஆழ்மனம் என்று யுங் சொல்லும் கூட்டு நனவிலியில் தேட வேண்டியதில்லை, தாத்தாவிடமே கேட்கலாம்.

யுங் 1925-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் பயணம் சென்று அங்குள்ள மக்களை ஆதிமனிதர்கள் என்றே எழுதினார். அந்தப் பார்வையின் மேட்டிமையை நாம் மறந்துவிடக் கூடாது. அதே சமயம், 1937-38-இல் இந்தியாவுக்குச் சென்றபோது, தீமை என்பதன் உளவியல் இயல்பைப் பற்றியே தாம் அங்கு அதிகம் சிந்தித்ததாகவும், இந்திய ஆன்மிகத்தில் நன்மையைப் போலவே தீமைக்கும் இடம் இருப்பதைக் கண்டு வியந்ததாகவும் அவரே கூறுகிறார். ஐரோப்பியர்கள் யோகத்தை அப்படியே எடுத்து அணிந்துகொள்ளக் கூடாது என்று எச்சரித்தவரும் அவர்தான். நன்மையும் தீமையும் கடுமையாகப் பிரிந்துபோன ஒரு சமய மரபில் வளர்ந்தவர் தம் நோய்க்குக் கண்ட மருந்தை, அந்தப் பிளவு அவ்வளவு ஆழமாக இல்லாத நம் எல்லைச்சாமிக்கு அளவு பார்க்காமல் ஊட்டலாமா என்று அவர் பாணியிலேயே நாமும் கேட்கலாம்.

ஆயக்கொட்டகைப் பிள்ளை:

ஆசிரியர் ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். நான் யுங்கை மொழிபெயர்ப்பில் கொஞ்சம்தான் படித்திருக்கிறேன். முனியாண்டியை வீட்டிலேயே பார்த்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

என் அப்பா குடிப்பார். சம்பள நாளன்று கள்ளுக்கடையிலிருந்து வந்தால் அம்மாவை அடிப்பார். மறுநாள் காலையில் யாரிடமும் பேசாமல் வெட்டுக்குப் போய்விடுவார். ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டில் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசப்பட்டதில்லை. ஆனால் முனியாண்டி பூசையில் அருள் இறங்குவது அப்பாவுக்குத்தான். சுருட்டைப் புகைத்து, சாராயத்தை வாங்கிக் குடித்து, சாட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் அந்த அப்பாவின் முன், என் அம்மா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வந்து நின்று, "என் புருஷன் குடிச்சிட்டு வந்து அடிக்கிறான், நீ எதுக்கு எல்லையில ஒக்காந்திருக்க?" என்று உரக்கக் கேட்பார். ஊரே கேட்டுக்கொண்டிருக்கும். சாமி சிறிது நேரம் உறுமிவிட்டு, "அவன நான் பாத்துக்கிறேன், நீ அழாத" என்று சொல்லித் திருநீறு பூசும். அதன் பிறகு இரண்டு மூன்று மாதங்களுக்கு அப்பா கள்ளுக்கடைப் பக்கம் போகமாட்டார். பிறகு மறுபடியும் போவார். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தன்னுள் எழும் உருவத்தோடு பேசுவது ஒன்று, அந்த உருவத்தால் விழுங்கப்படுவது வேறொன்று என்று யுங் கருதியதாகப் படித்தபோது எனக்கு அந்தப் பூசைதான் கண்முன் வந்தது. அப்பா விழுங்கப்பட்டாரா என்று என்னால் சொல்ல முடியாது. அம்மா பேசினார். மற்ற நாள்களில் பேச முடியாததை, அதே சுருட்டு நாற்றத்தையும் சாராய நாற்றத்தையும் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, அந்த மேடையில் மட்டும் பேச முடிந்தது. சாந்தமாக அமர்ந்திருக்கும் முனீஸ்வரரிடம் என் அம்மாவால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியுமா என்று தெரியவில்லை. அவருடைய கோபத்துக்கு ஏற்ற முகம் அங்கே இருந்தது.

துண்டாடல் அண்ணன் கேட்டதற்கு என் பதில்: எங்கள் வீட்டில் நிழல் அப்பாவுடையது, ஆனால் அதை ஊர் நடுவில் தூக்கி நிறுத்தி ஒளி காட்டியது முனியாண்டி. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

பழைய லயத்து ஆசிரியர்:

மூவருக்கும் நன்றி. ஆயக்கொட்டகைப் பிள்ளை எழுதியதைப் படித்துவிட்டு நேற்று அந்த மூதாட்டியின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். பாசல் பேராலயக் கதையையும் சொன்னேன், கேட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தவர், "அந்தப் பையனுக்கு அன்னிக்கி யாரும் வேப்பிலை அடிக்கலியா?" என்று கேட்டார். அடுத்த கூடலில் முனியாண்டியைப் பற்றிய கதைகளை அவரே சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்று நான் விளக்கம் எதுவும் தரப் போவதில்லை. யார் வீட்டில் எந்தக் கதை இருக்கிறது, அதைக் கேட்கும்போது யாருக்கு அச்சம் வருகிறது, யாருக்கு வெட்கம் வருகிறது, யாருக்கு அழுகை வருகிறது என்பதை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ள எண்ணியிருக்கிறேன்.

நிர்வாகத்திடமும் பேசினேன். சிற்பியிடம் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்பதால், அந்தக் கூடலுக்கு நிர்வாகத்தினரும் வந்து கேட்ட பிறகு முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இடும்பன் நிற்கும் இடத்தைப் பற்றி ஆலோசகர் எழுதியதை அவர்களிடம் வாசித்துக் காட்டினேன். மதிலுக்கு உள்ளே, ஆனால் வாசலுக்கு அருகில், வானம் பார்த்த ஒரு மேடை அமைக்க இடம் இருக்கிறதா என்று ஒருவர் அளந்து பார்க்கப் போனார். அதுவரை, தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பழைய கல் கோயிலின் பின்புறத்துத் தகரக் கொட்டகையில் இருக்கிறது. அதன் முன் யாரோ வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சுருட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள்.