முழுநேர போக்கர் ஆட்டக்காரர் வருமான வரி கட்ட வேண்டுமா?

ஜெலுத்தோங்_அக்கா:
வணக்கம். என் தம்பி வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக போக்கர் சீட்டாட்டப் போட்டிகளுக்குப் போகிறான். மணிலா, லாஸ் வேகாஸ் என்று அலைச்சல். வேகாஸில் 10,000 டாலர் ஜெயித்தான், கையில் 7,000தான் கொடுத்தார்கள். இங்கே மலேசியாவில் வீட்டுக் கடன் கேட்டால் வங்கியில் வரிக் கணக்கைக் காட்டச் சொல்கிறார்கள். அம்மாவோ, "சூதாட்டக் காசுக்கு ஏது வரி" என்கிறார். எது சரி?

பட்டர்வொர்த்_மணி:
கெந்திங் சூதாட்ட விடுதியில் ஜெயிக்கிறவர் யாராவது வரி கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அம்மா சொல்வதுதான் சரி.

கணக்கர்_பிரிக்பீல்ட்ஸ்:
மணி, கெந்திங்கில் எப்போதோ ஜெயிப்பவர் கதை வேறு. பிழைப்பே அதுதான் என்றால் கேள்வி வரும். நம் 1967 வருமான வரிச் சட்டத்தில் சூதாட்டத்துக்கென்று தனி வகை கிடையாது; அது வணிக லாபமா இல்லையா என்றுதான் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1925-இல் கிரகாம் எதிர் கிரீன் வழக்கு. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டியே பிழைத்தவருக்கு வரி இல்லை என்று தீர்ப்பு; புக்கி, அதாவது மற்றவர்களிடம் பந்தயப் பணம் வாங்கி நடத்துபவர், செய்வதுதான் வியாபாரம். அமெரிக்காவில் நேர்மாறு. 1987-இல் கிரோட்சிங்கர் வழக்கில், வாரம் 60 முதல் 80 மணி நேரம் நாய்ப் பந்தயத்திலேயே கிடந்தவரைத் தொழில் செய்பவர் என்றது உச்ச நீதிமன்றம். இத்தனைக்கும் வழக்குக்குரிய வருஷம் அவருக்கு 2,032 டாலர் நட்டம்!

தங்கச்சி, 1925 தீர்ப்பை மட்டும் நம்பித் தம்பி உட்கார வேண்டாம். ஸ்பான்சர் பணமோ பயிற்சிக் கட்டணமோ வாங்கினால் அது சந்தேகமில்லாமல் வருமானம். வணிக வருமானம் உள்ளவருக்கான வரிப் படிவமான பாரம் பி-யில் காட்டி, ஜூன் 30-க்குள் கொடுக்க வேண்டும்.

வேகாஸில் பிடித்த 30 விழுக்காடு வெளிநாட்டவருக்கு உள்ள வரி. நமக்கும் அவர்களுக்கும் அதைக் குறைக்கும் ஒப்பந்தம் இல்லை. தோற்ற பணத்தைக் கழித்துக் காட்டவும் முடியாது. ஆனால் பிடித்த வரியைக் காட்டும் 1042-எஸ் என்ற அமெரிக்கத் தாளை வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வரி கட்டிய வருமானத்தை இங்கே கொண்டுவரும் குடியிருப்பாளருக்கு 2036 இறுதிவரை விலக்கு உண்டு. அங்கே கட்டியதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

ஜெலுத்தோங்_அக்கா:
ரொம்ப நன்றி அண்ணே. போட்டி ரசீதையெல்லாம் மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறான்.

கணக்கர்_பிரிக்பீல்ட்ஸ்:
நல்லது, ஆனால் அந்த வழவழப்பான ரசீதில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். இன்றைக்கே படம் எடுத்துத் தேதிவாரியாகச் சேமிக்கச் சொல்லுங்கள். தோற்ற போட்டிகளின் நுழைவுக் கட்டண ரசீதும் வேண்டும். ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும். சம்பளமே இல்லாதவர் பெயரில் வீடு வந்தால், பணம் வந்த வழியை வரி வாரியம் கேட்கும். அப்போது பேசப்போவது அவைதான்.