7 கார்பன் ஆல்கேன்: அமைப்பு மாற்றியங்கள் 9-ஆ 11-ஆ? கைரல் கார்பன் எதில் இருக்கிறது?

கேள்வி:
7 கார்பன், 16 ஹைட்ரஜன் கொண்ட ஆல்கேனின் அமைப்பு மாற்றியங்களை (அதே அணுக்கள், வேறு இணைப்பு) எல்லாம் வரைந்து, கைரல் கார்பன் (நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்த கார்பன்) உள்ளவற்றைக் குறிக்க வேண்டும். விடையில் 9 என்று இருக்கிறது, எனக்கு 11 வருகிறது. நான் வரைந்த 2-எத்தில்பென்டேனும் 3,4-டைமெத்தில்பென்டேனும் அதில் இல்லை, ஏன்? அப்புறம் கைரல் கார்பன் 3-மெத்தில்ஹெக்சேனில் மட்டும்தான் தெரிகிறது, விடையில் இரண்டு சேர்மங்கள் என்கிறார்கள். இன்னொன்று எது?

பதில் 1:
இரண்டுமே பட்டியலில் ஏற்கெனவே இருப்பவைதான். 2-எத்தில்பென்டேனில் எத்தில் கிளையின் நுனியில் விரலை வைத்து சங்கிலியின் தூர முனை வரை எண்ணிப் பாருங்கள், 6 கார்பன் வரும், ஆக அது 3-மெத்தில்ஹெக்சேன். 3,4 என்பதை மறுமுனையிலிருந்து எண்ணினால் 2,3. படத்தை மட்டும் பார்த்து வேறு வேறு என்று முடிவு கட்டாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதுங்கள், ஒரே பெயர் வந்தால் ஒரே சேர்மம். நீளமான சங்கிலியிலிருந்து இறங்கி வந்தால் எதுவும் விட்டுப்போகாது: 7-இல் ஒன்று, 6-இல் இரண்டு, 5-இல் ஐந்து (3-எத்தில்பென்டேனைப் பலரும் மறந்துவிடுவார்கள்), 4-இல் ஒன்று.

பதில் 2:
இன்னொன்று 2,3-டைமெத்தில்பென்டேன். அதன் 3-ஆம் கார்பனில் ஹைட்ரஜன், மெத்தில், எத்தில், ஐசோபுரொப்பைல் என்று நான்கும் வேறு. கார்பன்களை வெறும் முனைகளாகக் காட்டும் கோட்டு அமைப்பில் வரைந்தால் ஹைட்ரஜன் கண்ணுக்குத் தெரியாது, அதனால் மூன்று கோடுகள் சேரும் முனையில் ஒரு ஹைட்ரஜன் ஒளிந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முதலில் அந்த முனைகளைத்தான் பார்க்க வேண்டும். இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன், இரண்டோ மூன்றோ ஹைட்ரஜன் உள்ள கார்பன் எல்லாவற்றையும் யோசிக்காமல் விட்டுவிடலாம். பக்கத்து அணுவோடு நிற்காமல் கிளையைக் கடைசி வரை ஒப்பிடுங்கள், பலர் சறுக்குவது இங்கேதான்: 3-மெத்தில்ஹெக்சேனில் எத்திலும் புரொப்பைலும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும், நீளம்தான் வேறு.

பதில் 3:
ஒரு விஷயம், 11 என்ற எண்ணும் வேறொரு கணக்கில் சரி. கைரலான அந்த இரண்டுக்கும் ஆடிப் பிம்பம் தனிச் சேர்மம் என்பதால் முப்பரிமாண மாற்றியங்களையும் சேர்த்தால் 9 + 2 = 11. கேள்வியில் அமைப்பு மாற்றியம் என்று இருந்தால் 9 மட்டுமே. ஆனால் ஒரே மூலக்கூற்றில் கைரல் கார்பன் இரண்டு என்றால் எப்போதும் 4 வடிவங்கள் என்று எழுதிவிடாதீர்கள். டார்டாரிக் அமிலத்தில் இரண்டு இருந்தும் 3 வடிவங்கள்தான், மூலக்கூற்றின் இரு பாதிகளும் ஒரே மாதிரி இருப்பதால் ஒரு வடிவம் தன் ஆடிப் பிம்பத்தோடு அப்படியே பொருந்திவிடும். அதுதான் மீசோ.

கேள்வி கேட்டவர்:
நன்றி, புரிந்தது. வளையத்தில் கிளைக்கு முடிவே இல்லையே, அங்கே எப்படி ஒப்பிடுவது?

பதில் 2:
அந்தக் கார்பனிலிருந்து வளையத்தை இரண்டு பக்கமும் சுற்றி வாருங்கள். மெத்தில்சைக்ளோஹெக்சேனில் இரு வழியும் ஒன்றுதான், அதனால் கைரல் இல்லை. 3-மெத்தில்சைக்ளோஹெக்சீனில் ஒரு பக்கம் உடனே இரட்டைப் பிணைப்பு வருகிறது, மறுபக்கம் வருவது சாதாரணக் கார்பன், அதனால் 3-ஆம் கார்பன் கைரல். 4-மெத்தில்சைக்ளோஹெக்சீனையும் இப்படியே போட்டுப் பாருங்கள், அங்கே இரண்டு பக்கமும் முதல் கார்பன் ஒன்றுபோல இருக்கும், இரண்டாவதில்தான் வேறுபாடு வரும். அதுவும் கைரல்தான்.